மேல்மலையில் கூடாரம்: கூக்கால் குறிப்புகள்

வியாழன், இரவு

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மேல்மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே வேறு ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஏரி, வாடகை சைக்கிள், ஹோம்மேட் சாக்லேட் போர்டு எதுவும் கண்ணில் படாது. பஸ்ஸுக்குள் உர மூட்டை, கோழித் தீவனம், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மருந்துப் பையோடு திரும்பும் பாட்டிகள். கூக்கால் என்ற மேல்மலைக் கிராமத்தில் கூடாரம் போடக் கிளம்பிய நானும் அக்கா மகனும் என்னோடு வேலை பார்க்கும் நண்பரும், எங்கள் மூன்று பெரிய முதுகுப் பைகளை எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டு நின்றோம். கண்டக்டரே கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அக்கா மகன் கூடாரத்தில் தூங்கியதே இல்லை. வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்: "அங்க சார்ஜ் போட இடம் இருக்குமா மாமா?" இருக்காது என்றேன். "அப்ப பாத்ரூம்?" அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

கிளம்பத் திட்டம் போடுபவர்களுக்கு இரண்டு விஷயம். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கும் இதுதான் நடைமுறை. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மலைக்குக் கொண்டு வராதீர்கள், தடை இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

பூம்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுதாகத் தெரியும். படி படியாக வெட்டிய வயல், நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஓட்டு வீடுகள். கார்க்காரர்கள் எல்லோரும் அங்கே இறங்கிப் படம் எடுக்கிறார்கள். பஸ் நிற்காது. ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கூக்காலில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். ஊரைத் தாண்டி கேரட் வயல் வரப்பில் நடந்தால் சோலைக்காட்டை ஒட்டி ஒரு பெரியவரின் பட்டா நிலம். விவசாயம் பார்க்காமல் விட்ட மேல் படிகளில் அனுமதி வாங்கிக் கூடாரம் போட இடம் விடுகிறார். காட்டுக்குள்ளேயே கூடாரம் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடக்கூடாது. 2013 முதல் இந்தப் பக்கத்துக் காடுகள் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நடப்பதே குற்றம், படுத்துத் தூங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தனியார் இடங்களிலும் அனுமதி இல்லாத கூடாரங்களை அதிகாரிகள் பலமுறை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். எனவே முன்பணம் அனுப்புவதற்கு முன் அனுமதி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இங்கே இருப்பவை: சமதளமான நான்கைந்து படிகள், கல் அடுப்பு ஒன்று, சோலைக்குள்ளிருந்து கருப்பு ஓஸில் வரும் தண்ணீர், சாக்குப் படுதா கட்டிய குழி கக்கூஸ். இல்லாதவை: மற்ற எல்லாம்.

கீழ்ப் படியில் ஓடையோரம் பச்சைப் புல்லோடு ஒரு இடம் அழகாக இருந்தது. நண்பர் அங்கே பையை இறக்கினார். பெரியவர் தூரத்திலிருந்தே கை காட்டினார்.

"பள்ளத்துல போடாதீங்க தம்பி. ராத்திரி பனி அங்கதான் வந்து உக்காரும். மேல போங்க, மரத்துக்குக் கீழ போங்க."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஜனவரி இரவில் வானம் தெளிவாக, மேகமில்லாமல் இருந்தால் தரை தன் சூட்டை மளமளவென்று விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இரண்டு படி மேலே ஏறிப் படுத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். தலைக்கு மேல் கிளை இருந்தால் தரையின் சூடு நேராக வானத்துக்குப் போகாது. ஆனால் காய்ந்த கிளை இல்லாத மரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், காற்றடித்தால் ஒடிந்து கூடாரத்தின் மேல் விழும்.

மேல் படியில் போட்டோம். இப்போது ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சிக்னல் கூக்கால் ஏரிக்கரை மேட்டில்தான் கிடைக்குமாம். காலையில் அங்கே போய் இதை ஏற்றுகிறேன்.

வெள்ளி, மாலை

விடியும்போது முதலில் சத்தம் கொடுத்தது சீகாரப் பூங்குயில். பெயரில் குயில் இருந்தாலும் குயில் இல்லை. ஓடை இருக்கும் இடத்தில் இருக்கும், கருநீலம். ராகம் பிடிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு, மறுபடி வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கும். அக்கா மகன் யாரோ விசிலடிக்கிறார்கள் என்று எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க ஈரம். மூன்று பேர் மூச்சு விட்ட நீர்தான் அது. குளிருகிறது என்று ஜிப்பை முழுக்க இழுத்துப் பூட்டினால் காலையில் தலையில் சொட்டும். மேலே ஒரு சாண் திறந்து வைப்பது நல்லது. குளிர் வருவது அந்தத் திறப்பு வழியாக இல்லை, கீழேயிருந்து. தரைக்குளிர்தான் ஆளை எழுப்பும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துத் தூக்கப் பை வாங்குகிறவர்கள் அடியில் விரிக்கும் ஃபோம் பாயில் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். நான் சொல்வேன், பாயைத் தடியாக வாங்குங்கள், மேலே வீட்டுப் போர்வையே போதும்.

குளிருக்குக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய அறையில் கரி கனன்றுகொண்டிருக்கத் தூங்கி, எழுந்திருக்காமலேயே போனவர்கள் பற்றிய செய்தி கொடையிலிருந்தே வந்திருக்கிறது.

காலையில் ஓஸில் தண்ணீர் வரவில்லை. பெரியவர் அரிவாளோடு வந்தார். "காத்து அடைச்சிருக்கும், இல்ல இலை அடைச்சிருக்கும். வாங்க பாப்போம்" என்று சோலை ஓரமாகவே அழைத்துப் போனார். ஓஸ் போகும் வழி முழுக்க அவர் நிலத்தின் எல்லையில்தான். சோலை விளிம்பில் பாறை இடுக்கிலிருந்து கசிவது ஒரு சின்னக் குழியில் விழுகிறது, அங்கே ஓஸின் வாயைச் செருகி வைத்திருக்கிறார். வாயில் கட்டியிருந்தது பழைய சேலைத் துணி. அவிழ்த்து, ஒட்டியிருந்த நாவல் இலைகளை உதறி, மறுபடி கட்டினார். பிறகு ஓஸின் நடுவில் ஒரு இணைப்பைப் பிடுங்கி வாய் வைத்து உறிஞ்சித் துப்பினார். களக் களக் என்று காற்று போய், தண்ணீர் வந்தது. ஐந்து நிமிட வேலைதான்.

நான் அந்த விளிம்பிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்க, ஓரடி உள்ளே தள்ளி சட்டென்று இருட்டு. மரங்கள் உயரமில்லை, முறுக்கி முறுக்கி வளர்ந்திருக்கின்றன. தண்டு முழுக்கப் பாசி, பாசிக்கு மேல் பெரணி, அதற்கும் மேல் ஆர்க்கிட். காலுக்குக் கீழே மண் தெரியவே இல்லை, மக்கிய இலைதான். கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது, உள்ளே ஈரம். மழை விட்டு வாரக்கணக்காகிறது. இந்த இலைக்கு அடியில் தேங்கியதுதான் பெரியவரின் ஓஸில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"எதிர் மலையில தண்ணி இருக்காங்கய்யா?" என்று நண்பர் கேட்டார்.

எதிரே பைன் மரங்கள், அதை அடுத்து வாட்டில் என்ற வெளிநாட்டு மரம். "எங்க அப்பா காலத்துல அதெல்லாம் புல்லு. மாடு மேய்ப்போம். ரெண்டு ஊத்து இருந்துச்சு. மரம் வந்துச்சு, ஊத்து போச்சு" என்றார். சொல்லிவிட்டு ஓஸின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வெளியூர்க்காரர்களுக்குப் பைன் காடு என்றால் படம் எடுக்கும் இடம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். பழனி மலையின் மேல்பகுதி இயற்கையில் புல்வெளியும் பள்ளங்களில் சோலையுமாக இருந்தது. புல்வெளியை வெறும் நிலம் என்று நினைத்து, மரமில்லாத இடத்தில் மரம் நடுவது நல்லதுதானே என்று தோல் பதனிட வாட்டிலையும், விறகுக்கும் மரக்கூழுக்கும் யூகலிப்டஸையும் பைனையும் நட்டார்கள். வாட்டிலை வெட்டினாலும் விடாது. விதை மண்ணில் பல வருடம் கிடந்து, தீப்பிடித்த பிறகு கும்பலாக முளைக்கும். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையில் இந்த மலையின் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். சோலையைக் காப்பாற்ற எல்லோரும் பேசுகிறோம், புல்லுக்கு வக்கீல் கிடையாது. பெரியவரின் இரண்டு ஊற்று கணக்கு அந்த ஆய்வில் இருக்காது. ஆனால் ஓஸ் எந்த மலைக்குப் போகிறது என்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

வரும் வழியில் வரப்போரம் குறிஞ்சிப் புதர் சில காட்டினார். இப்போது வெறும் பச்சைதான். 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

அப்புறம் கக்கூஸ். ஒத்திவைத்ததைச் சொல்லிவிட வேண்டும். ஊற்றுக்குக் கீழே, ஓடையிலிருந்து எழுபது எண்பது அடி தள்ளி, இடுப்பளவு குழி. மேலே இரண்டு பலகை. பக்கத்தில் ஒரு டப்பாவில் அடுப்புச் சாம்பல், தேங்காய் ஓட்டுக் கரண்டி. போய்விட்டு இரண்டு கரண்டி சாம்பல் போட வேண்டும். நாற்றம் இல்லை, ஈ இல்லை. மூன்று நட்சத்திர ஹோட்டல்களில் இதைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறேன். அக்கா மகன் காலை பத்து மணி வரை அடக்கி வைத்துப் பார்த்தான், பிறகு சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். வந்தவன் முகத்தில் ஒரு வெற்றி.

மதியச் சமையல் மூன்று மணிக்குத்தான் முடிந்தது. இந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பதைப் பார்த்தால் வெந்துவிடும் போலத் தெரியும், பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு கொண்டு வருவது வீண். பாசிப்பருப்பு, சேமியா, ரவை, இவைதான் கூடாரத்துக்கு. பெரியவர் வீட்டம்மா ஒரு கை மலைப்பூண்டு கொடுத்திருந்தார். அடுப்புக்கு மேலே பரணில் கட்டிப் புகையில் தொங்கவிட்டது, தோலில் கருப்பு ஏறியிருந்தது. பல்லை நசுக்கியதுமே கண் எரிகிறது. ரசத்தில் போட நாலு பல் தட்டினேன், இரண்டே போதும் என்று அந்த அம்மா தடுத்தார். ரசம் குடித்த பிறகு அவர் சொன்னது புரிந்தது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தப் பூண்டுக்குத்தான்.

சனி, இரவு

இன்று மதியம் வரை நாங்களும் காடும் மட்டும். அதற்கப்புறம் ஒரு கூட்டம் வந்தது. நான்கு கூடாரம், பத்துப் பதினைந்து பையன்கள், மடக்கு நாற்காலிகள், பேட்டரியில் ஓடும் வண்ண விளக்குச் சரம், குக்கர் அளவுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். நல்ல பையன்கள்தான், வந்ததும் எங்களுக்கு முறுக்கு கொடுத்தார்கள். ஆனால் ஸ்பீக்கரைப் போட்டதும் சோலைப் பக்கம் கத்திக்கொண்டிருந்த குருவிகள் நின்றுவிட்டன. அதுவரை புதருக்குள் கும்பலாகக் கெக்கலித்துக்கொண்டிருந்தவை பழனி சிரிப்பான்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைகளில் மட்டுமே இருக்கும் பறவை. அதன் அறிவியல் பெயரிலேயே, இந்த மலையில் அதைச் சேகரித்த ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பெயர் இருக்கிறது.

நான் போய்ச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியவரே வந்துவிட்டார். கோபமே இல்லாமல், "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பிகளா. ஆனா இருட்டினப்புறம் காட்டுமாடு இந்தப் பக்கம்தான் இறங்கும். அது வர்ற சத்தம் உங்களுக்குக் கேக்கணுமா வேணாமா?" என்றார்.

ஸ்பீக்கர் உடனே நின்றது. இரவு முழுக்க அதை நிறுத்தி வைக்க அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது.

அடுத்ததாக அடுப்பு. பையன்கள் நடுவயலில் பெரிய நெருப்பு மூட்டப் பார்த்தார்கள். அதற்கும் விடவில்லை. கல் அடுப்பைச் சுற்றிலும் ஆள் நீளத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக வைத்திருக்கிறார், நெருப்பு அங்கே மட்டும்தான். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. போடி மலையும் இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை, அங்கே காய்ந்த அதே புல் இங்கேயும் காய்கிறது. விறகுக்கு வாட்டில் மட்டும்தான் தருவார், சோலை மரத்தின் சுள்ளியைக் கூடத் தொட விடமாட்டார். வாட்டில் நன்றாகவே எரிகிறது. ஊற்றைக் குடித்த மரத்தை எரிப்பதில் எனக்கு ஒரு தனி திருப்தி, ஒத்துக்கொள்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் உணவுப் பை, உப்பு, சோப்பு, பற்பசை எல்லாவற்றையும் பெரியவர் வீட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். கரடிக்கு இல்லை, காட்டுப்பன்றிக்கு. மீந்த சோற்றை வெளியே கொட்டினால் பன்றி வரும், பன்றி ஒரு முறை சாப்பிட்டால் தினமும் வரும், அப்புறம் பெரியவரின் உருளைக்கிழங்கை யார் பார்ப்பது? யானை இந்த மேட்டுக்கு வருவதில்லை. அது பேத்துப்பாறைப் பக்கத்துக் கவலை.

ஒன்பதரை இருக்கும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை மீன் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். எனக்கு ஆறு, அக்கா மகனுக்கு எட்டு. கண்ணாடி போடாத வயது. அப்போது கீழ்ப் படியில் புல்லைப் பிடுங்கும் சத்தம். சரக், சரக் என்று சீராக. பிறகு ஒரு பெருமூச்சு.

முதலில் தெரிந்தது கால்கள்தான். முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே ஒன்றுமில்லை, வெறும் இருட்டு. வெள்ளைக் காலுறைகள் தனியாக நடந்து வருகிற மாதிரி. கண் பழகின பிறகு அந்தக் கால்களுக்கு மேலே இருந்தது எவ்வளவு பெரிசு என்று தெரிந்து வயிற்றைக் கலக்கியது. வளர்ந்த கடா ஒரு டன் எடையை நெருங்கும். ஒன்று, அதற்குப் பின்னால் இரண்டு, ஒரு கன்று. முந்தாநாள் நண்பர் கூடாரம் போடப் பார்த்த அதே பச்சைப் புல்லில்தான் மேய்ந்தன.

கொடை டவுனுக்குள்ளேயே காட்டுமாடு முட்டிச் செத்தவர்கள் உண்டு, பெரும்பாலும் திடீரென்று எதிரே போய் நின்றதாலோ, செல்ஃபிக்குக் கிட்டப் போனதாலோதான். தூரம் கொடுத்து, வழியை மறிக்காமல் இருந்தால் அது பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போகும். பையன்கள் கூடாரத்திலிருந்து ஒருவர் டார்ச் அடித்தார். பெரிய மாடு தலையைத் தூக்கி 'ஃபூ' என்று மூக்கால் ஊதியது. டார்ச் அணைந்தது. அக்கா மகன் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தே விட்டது. "மாமா, இதுக்குக் கூடாரம் தாங்குமா?" என்று காதில் கேட்டான். தாங்காது என்றேன், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. அரை மணி நேரம் மேய்ந்துவிட்டு வரப்பை உடைத்துக்கொண்டு கேரட் வயல் பக்கம் இறங்கின. கீழே யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. எங்களுக்கு வேடிக்கை, அவர்களுக்கு ஒரு படி வயல் கேரட் போச்சு.

ஞாயிறு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது

காலையில் கீழ்ப் படி வெள்ளையாக இருந்தது. உறைபனி. புல்லின் ஒவ்வொரு இதழிலும் விளிம்பில் மட்டும் உப்பு ஒட்டியது போல. மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளங்களில் தேங்கியிருந்த தண்ணீர் மேல் கண்ணாடித் தகடு. எங்கள் படியில் வெறும் ஈரம்தான்.

பையன்கள் கேஸ் அடுப்பு எரியவில்லை என்று வந்தார்கள். சின்ன டப்பாக்களில் வருவது பெரும்பாலும் பியூட்டேன். பூஜ்யம் டிகிரியை ஒட்டி வந்துவிட்டால் அது ஆவியாவதே இல்லை, அடுப்பில் என்ன வரும். இரவில் டப்பாவைப் போர்வைக்குள் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். கல் அடுப்பில் எங்கள் கருப்பட்டிக் காபியைக் கொடுத்தோம், முறுக்குக் கணக்கு தீர்ந்தது.

கூடாரத்தை வெயிலில் காயவைத்துத்தான் மடித்தோம். ஈரத்தோடு மடித்தால் மதுரைச் சூட்டில் பூஞ்சை பிடித்து அடுத்த முறை திறக்க முடியாது. குப்பையைக் கட்டினால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு சின்னப் பை. கூடவே, புல்லில் கிடந்த முந்தைய யாரோ ஒருவரின் ஷாம்பு பாக்கெட்டுகளும். ஓஸ் தண்ணீர் கீழே இரண்டு வயல்களைத் தாண்டி ஊருக்குப் போகிறது. அங்கே நின்று ஷாம்பு போட்டுக் குளிக்க மனம் வருகிறவர்களை என்ன சொல்வது.

பெரியவரிடம் இடத்தின் விவரத்தை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. போன் நம்பர் மட்டும் போடாதீங்க" என்றார். "போன வருசம் யாரோ போட்டுட்டாங்க. ஒரே நாள்ல நாப்பது பேர் வந்து நின்னாங்க. ஊத்துல அவ்வளவு தண்ணி எங்க இருக்கு?" வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் பார்த்து, எத்தனை கூடாரம் என்று முடிவு பண்ணுகிறாராம். வெயில் ஏற ஏறக் கூடாரம் குறையும், மார்ச் வந்தால் தீக்குப் பயந்து இடத்தையே மூடிவிடுவார். நம்பர் கேட்டு எனக்கு எழுதாதீர்கள், தர மாட்டேன். கூக்காலில் இறங்கி டீக்கடையில் கேளுங்கள்.

வழியில் பூம்பாறையில் இறங்கிக் குழந்தை வேலப்பரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று யோசனை. மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஊர் நம்பிக்கை. பழனியில் இருப்பது போலவே. இங்கே வந்த அருணகிரிநாதரை ஒரு ராட்சசியிடமிருந்து காப்பாற்ற முருகன் குழந்தையாக வந்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்கிறார்கள். அக்கா மகனுக்குக் கோயிலைவிடக் கோயில் வாசலில் கிடைக்கும் பூண்டு மேல் கண். அம்மாவுக்கு வாங்கிப் போகணுமாம். கூடவே இன்னொன்றும் சொன்னான்: அடுத்த தடவை ஓஸ் கட்டும் துணியை அவன் கொண்டு வருவானாம், பெரியவர் கட்டியிருக்கும் சேலை கிழிந்துபோய்விட்டதாம்.

பஸ் வந்துவிட்டது. மேலேயெல்லாம் கேரட் மூட்டை, உள்ளேயும் கேரட் மூட்டை. எங்கள் பைகளைப் பார்த்த கண்டக்டர், "இது என்னங்க, இவ்வளவு பெரிசு?" என்றார். கூடாரம் என்றோம். லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கேரட்டா இருந்தா காசுக்குப் பதில் ரெண்டு கேரட்டாவது கிடைச்சிருக்கும்."